இழுவைப் படம்

ஹட்டன் கொட்டகையின் தகரக் கூரையில் மழை விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. திரையில் கதாநாயகன் சாகக் கிடந்தபடி பேசிக்கொண்டே இருக்கிறான். "செத்துத் தொலையேன்டா, பொகவந்தலாவை பஸ்ஸு போயிரும்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, கொட்டகையே சிரிக்கிறது. அங்கம்மா சிரிக்கவில்லை. தங்கை பூரணியின் கை அவள் மடியில் கிடக்கிறது. தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். படம் முடிந்ததும் பூரணி புருஷனோடு ரயிலேறி, கப்பலேறி, இலங்கையை விட்டு இந்தியாவுக்கே போய்விடுவாள். அப்புறம் பார்ப்பதென்பது இல்லை. பேசு சாமி, இன்னும் பேசு என்று சாகிறவனிடம் அங்கம்மா மனசுக்குள் கெஞ்சுகிறாள். "என்னக்கா, ஒரே இழுவையா இருக்கு," என்கிறாள் பூரணி, கொட்டாவியோடு. "இருந்துட்டுப் போகட்டும்டி." பெஞ்சுகளைத் தட்டுகிற சத்தம் எழுகிறது. "ரீலைத் தள்ளுய்யா!" பஸ்ஸுக்காக ஜனங்கள் கூச்சல் போடுகிற நாளெல்லாம் செய்வதுபோல, ஆப்பரேட்டர் ஒரு ரீலை விட்டுவிட்டு அடுத்ததை மாட்டுகிறார். வெளுத்துப்போன திரையில் மறுபடி படம் தெரியும்போது சிதை எரிந்துகொண்டிருக்கிறது. கைதட்டல் மழைச் சத்தத்தையே அமுக்கிவிடுகிறது. பூரணியும் அக்காவின் மடியிலிருந்து கையை எடுத்து, எல்லோரோடும் சேர்ந்து தட்டுகிறாள்.