கருப்பி மேல் விழுந்த பழி

“கருப்பிதான் செவலையைக் கொத்திக்கீது! இத்தோட மூஞ்சியைப் பார்த்தாலே தெரில?” தணிகாசலம் கருப்புக் கோழியின் காலைப் பிடித்துத் தூக்கினான். அது தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கத்தியது.

தீனி வைத்தால் மற்ற கோழிகளை நெட்டித் தள்ளுவது எப்போதும் கருப்பிதான். சந்தேகப்படாமல் எப்படி இருப்பான்?

அவன் மனைவி சொர்ணம் செவலைக் கோழியை மடியில் வைத்து, முதுகில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக இறகு பிடி பிடியாகப் போய்த் தோல் தெரிந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நிற்கவே இல்லை.

அது மகள் அன்புக்கரசி வளர்த்த கோழி. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் அடம்பிடித்து வாங்கி, ஸ்கூல் பையில் வைத்துத் தூக்கி வந்த குஞ்சு. இரண்டு வருஷம் முன்னால் டெங்குவில் அந்தப் பெண் போய்விட்டாள். கோழி மட்டும் வீட்டைச் சுற்றி வந்தது.

போன மாசம் சொர்ணம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் படுத்தபோது தணிகாசலம் ஆடிப்போய்விட்டான். “இவளைக் காப்பாத்து தாயே, வூட்டுல எது ஒசத்தியோ அத்தைக் குடுக்கறேன்” என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டான். அந்த வீட்டில் செவலையை விட உசத்தி எது? ஆடி ஞாயிற்றுக்கிழமை அறுக்க வேண்டும்.

“வேற கோழி குடுக்கலாமேய்யா?” சொர்ணம் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“வாயைக் கழுவு! ஆத்தா உன்னைத் திருப்பிக் குடுத்துகிறா. பேச்சு மாறுனா சும்மா வுடுவாளா?”



கருப்பியின் காலைப் பிடித்துத் தூக்கிய அன்றைக்குச் சாயங்காலமே அதைத் தனியாகக் கூடை போட்டு மூடினான். விடிந்து பார்த்தால், செவலையின் முதுகில் இன்னும் நாலு இறகைக் காணோம்.

“இடுக்குல கழுத்தை நீட்டிக் கொத்திக்கீது பாரு, கேடி!” என்று பல்லைக் கடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசாரி செவலையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இது ஆவாது நைனா. குறை கீற கோழியை ஆத்தா ஏத்துக்க மாட்டா. வேற கொண்டா, தப்பில்ல.”

தணிகாசலம் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து கூடையைத் தூக்கினான். “நீ பண்ண வேலைக்கு நீயே போ!”

அரை மணி நேரத்தில் கருப்பி கறியாகப் பையில் திரும்பி வந்தது. பையைப் பார்த்ததும் சொர்ணம் மார்பில் அடித்துக்கொண்டு கதறினாள். மகள் போன அன்றைக்கு அழுதவள், அதற்கப்புறம் இப்படி அழுததே இல்லை.

தணிகாசலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. “அதான் பாப்பா கோழி பொழச்சிக்கிச்சே! அந்த ரவுடிக் கோழிக்கா இப்டி அழுவுற?”

“அது ஒரு தபா கூட கொத்தலைய்யா... நாந்தான் புடுங்குனேன்.”