அறுபத்தைந்தில் நின்ற முள்

"தூங்கிட்டே. ஒத்துக்க" என்றார் எஞ்சினியர் ஃபலாஹ்.

"பிள்ளைங்க மேல சத்தியம், உஸ்தாத்! அரை மணிக்கு ஒருதரம் பார்த்தேன். எண்ணெய்ச் சூடு காட்டுற முள்ளு அறுபத்தஞ்சைத் தாண்டவே இல்ல" என்றான் லைன்மேன் ஷாக்கிர்.

பஸ்ராவின் அந்தச் சந்தில் டிரான்ஸ்பார்மர் கருகி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வெயில் ஐம்பது டிகிரி. கரண்ட் போனதும் உம்மு தாஹா வீட்டில் ஆக்சிஜன் மிஷின் நின்றது. ஆறு வயது மகன் தாஹா போய்விட்டான், பாவம். பழி போட ஓர் ஆள் வேண்டும், ஷாக்கிர் கிடைத்தான்.

"அவனை வெளிய அனுப்புங்கய்யா!" என்று கம்பிவேலிக்கு வெளியே கூட்டம் கத்தியது.

ஃபலாஹ் சுருள்களின் மின்தடையை அளந்தார். மூன்றில் ஒன்று அறுந்தே போயிருந்தது. மீட்டரில் பதிவான லோடை வைத்து இழப்பைக் கணக்குப் போட்டார்.

"லோடு ஒன்றரை மடங்கு. அப்போ கம்பியில சூடு ரெண்டே கால் மடங்கு. எண்ணெய் நூறைத் தொட்டிருக்கணும். தொண்ணூறுல அணைச்சு ஒரு மணி நேரம் ஆறப்போடத்தானே உன்னை உட்கார வச்சேன்? அறுபத்தஞ்சுன்னு எங்கிட்டயே கதை விடுறியா?"

"தொண்ணூறானா அணைப்பேன்னு வீடு வீடா சொன்னவனே நான்தான், உஸ்தாத். அணைக்க எனக்கென்ன பயம்?"

ஃபலாஹ் ஏணி போட்டு ஏறினார். கோடையில் டிரான்ஸ்பார்மருக்கு ஈரச்சாக்கு போர்த்துவது சந்துக்காரர்கள் வழக்கம். நாலைந்து சாக்குகள் காய்ந்து கிடந்தன. மூடியின் ஓரத்தில், வெப்பமானி செருகிய குழாயில் நீலக்கரை போட்ட சின்னத் துண்டு ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிக் கீழே வீசிவிட்டு இறங்கினார்.

"பொய் சொன்னா முள்ளு இறங்கிடுமா? வேலை போச்சு. ஜெயிலும் உண்டு. இந்த வாக்குமூலத்துல கையெழுத்து போடு."

ஷாக்கிர் பேனாவை வாங்கினான். அப்போது கூட்டம் சட்டென்று அடங்கி வழிவிட்டது. உம்மு தாஹா உள்ளே வந்தாள். அறையப்போகிறாள் என்று ஷாக்கிர் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் குனிந்து, சாக்குகளுக்கு நடுவிலிருந்து அந்த நீலக்கரைத் துண்டை எடுத்தாள். மகனுக்கு முகம் துடைக்கும் துண்டு அது.

"அவர் மேல தப்பில்ல. முள்ளு ஏறினா கரண்ட்டை நிறுத்திடுவாங்களேன்னு, ஐஸ் வச்சு இதைக் கட்டினது நான்தான்."