பைசா செலவில்லாத பூசணி

கோட்டயத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய செய்தி: காய்கறித் தோலையும் பாத்திரம் கழுவிய நீரையும் மட்டுமே ஊட்டி, பைசா செலவில்லாமல் மொட்டைமாடியில் குருவிளா ஒரு பூசணி விளைவித்துவிட்டார். முதல் காய் என்பதால் தேவாலய ஏலத்துக்குக் கொடுத்தார்.

"ஐம்பது ரூபாய்!" என்று முதல் ஆளாக ஏலம் கேட்டார் தேவாலய ஊழியர் அவுசேப்பு.

தன் பூசணிக்கு ஐம்பதா? குருவிளாவுக்குப் பொறுக்கவில்லை. "இருநூறு!"

"ஐந்நூறு!"

"எடா அவுசேப்பே, யாருக்காகடா கேக்கற?"

"பேரைச் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு, சாரே."

இரண்டாயிரத்தில் குருவிளா வென்றார். பூசணியை ஏந்திக்கொண்டு, தன்னை 'இச்சாயா' என்றே அழைக்கும் மனைவி சோசாம்மாவிடம் வந்தார்.

"பாத்தியாடீ, என் பூசணிக்கு எவ்வளவு போட்டி!"

"நான்தான் இச்சாயா அவனைக் கேக்கச் சொன்னேன். சீந்துவார் இல்லாமக் கிடந்தா உங்க மானம் என்னாகறது?"

அந்த ஏலத்தில் வேறு யாரும் வாயே திறக்கவில்லை.