ஒரு சிட்டிகை மணல்

வெயில் ஏறிய ராயபுரம் சந்தில், வாசற்படிமேல் வெறும் கண்ணாடித் தொட்டி பளபளக்கிறது. போன வாரம் அதில் மூன்று தங்கமீன்கள் செத்து மிதந்தன. அடியில் பரப்பியிருந்தது கூடைக்காரி பாப்பம்மா விற்ற ஆற்று மணல். அதனால் இன்று அவளை ஏற இறங்கப் பார்க்கிறார் வேதாசலம், எண்ணூர் உப்பளத்து மேஸ்திரி. அவள் கூடையிலிருந்து கொட்டும் புது மணலைத் தன் கோணியில் வாங்கி, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைக்கிறார். முகம் சுளிக்கிறது. "கரிக்குது. காசிமேட்டுக் கடல் மண்ண அலசி எடுத்தாந்து ஆத்து மண்ணுன்றியா?" பாப்பம்மா கூடையை அவர் முன்னால் சாய்க்கிறாள். "இதுல ஒட்டிகினு கீதே, இத்த வாயில வெச்சிப் பாரு மேஸ்திரி." வைக்கிறார். சப்பென்று இருக்கிறது. நம்பாமல் மறுபடி வைக்கிறார். அதுவும் சப்பென்றே இருக்கிறது. ரயில் புகையின் நிழல் தொட்டியின்மேல் ஊர்ந்து போகிறது. பாப்பம்மா அவருடைய கோணியின் ஓரத்தை விரலால் புரட்டுகிறாள். தையலில் வெள்ளைப் பொடி மினுக்குகிறது. "அன்னிக்கும் இந்த உப்புக் கோணிலதான வாங்கினு போன?" வேதாசலம் வாயைத் துடைத்துக்கொள்கிறார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மகள் அம்மு கேட்கிறாள்: "இன்னா நைனா, நம்ம மீன சாவடிச்சது அவ மண்ணுதான?"