பத்தொன்பது விடைத்தாள்

"யோவ் பெருமாள், மரியாதையா உண்மையைச் சொல்லிடு. கேள்வியை வெளியில சொன்னது நீதானே?"

பர்சனல் மேனேஜர் மேஜையில் அறைந்த அறையில் டீ டம்ளர் துள்ளிக் கவிழ்ந்தது.

"குலதெய்வத்து மேல சத்தியமா நான் யாருக்கும் சொல்லல சார். அது வந்து, அவுங்க..." என்று இழுத்தார் பியூன் பெருமாள்.

"வாயை மூடு!"

மேனேஜருக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். இன்று அது தலைக்கு ஏறியிருந்தது. இருக்காதா பின்னே? ஓசூரில் இந்தக் கம்பெனி கட்ட இருபது குடும்பம் ராகிக் கொல்லையைக் கொடுத்தது. வீட்டுக்கு ஒரு வேலை என்று கம்பெனியும் எழுதிக் கொடுத்தது. எட்டு வருஷத்தில் வேலை கிடைத்தது பெருமாள் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்குப் பரீட்சை வைப்பார்கள். எவராலும் எழுத முடியாத கேள்வி ஒன்றை மேனேஜர் போடுவார். எல்லாரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள். வெளியூர் ஆட்கள் உள்ளே வருவார்கள்.

இரண்டு தடவை அப்படித்தான் நடந்தது. இந்த மூன்றாவது தடவை காலை ஒன்பது மணிக்கு, 1500 முதல் 1800 வரையான தடித்த உலக வரலாற்றுப் புத்தகம் ஒன்றைத் திறந்து, கண்ணில் பட்ட பக்கத்தில் விரலை வைத்தார். பத்து மணிக்குக் கரும்பலகையில் தன் கையாலேயே எழுதினார்: '1639-ஆம் ஆண்டு உலகில் நடந்த முக்கிய நிகழ்ச்சிகள் ஐந்தை எழுதுக.'

லேத் ஓட்டுகிற வேலைக்கு 1639 எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பத்தொன்பது பேரும் குனிந்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பத்தொன்பதும் சரி!

"அந்தப் பொண்ணைக் கூப்பிடு. முதல்ல பேப்பர் குடுத்தாளே, அவளை."

நாராயணம்மா வந்து நின்றாள். இருபத்திரண்டு வயது. பத்தாவது பாஸ். அப்பன் கரியப்பன் கொடுத்த இரண்டு ஏக்கரில்தான் இப்போது மேனேஜரின் கார் நிற்கும் ஷெட் இருக்கிறது.

மேனேஜர் அவள் விடைத்தாளை உரக்கப் படித்தார். "ஷாஜகான் டெல்லிச் செங்கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். ஜப்பான் போர்ச்சுகீசியரை நாட்டை விட்டு வெளியேற்றியது. துருக்கியும் பாரசீகமும் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டன. வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடந்து போவதை இங்கிலாந்தில் பார்த்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் நிலம் கிடைத்தது. ஏம்மா, பத்தொன்பது பேரும் இதே அஞ்சு, இதே வரிசை! என்னை என்ன இளிச்சவாயன்னு நெனைச்சீங்களா?"

"எழுதினது தப்பா சார்?"

"தப்பில்ல! அதான் தப்பு!"

"அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி பரவால்ல சார்," என்றாள் நாராயணம்மா. "வீட்டுக்கு ஒரு வேலைன்னு சொல்லிட்டு யாரையும் பரீட்சை எழுத வெக்கல."

"திமிரு! ஆறு மாசமா கேட்டுக்கு எதிர்ல புளியமரத்தடியில உக்காந்து கோஷம் போட்டு உயிரை வாங்கினீங்க. ஜன்னலைச் சாத்திக்கிட்டு வேலை பாத்தேன். இப்போ கேள்வியையும் திருடிட்டீங்க. ஒன்பது மணிக்கு டீ கொண்டு வந்தது இவன். புத்தகத்தைப் பாத்தது இவன். இவன் சொல்லாம யாரு சொன்னா?"

"சார், அந்தப் புளியமரத்துல..." என்றார் பெருமாள்.

"வாயை மூடுன்னேன்! சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள ஒத்துக்கிட்டு எழுதிக் குடுங்க. இல்லேன்னா இவன் சீட்டு கிழியும். பரீட்சையும் ரத்து. நாளைக்கே லாரியில ஆள் எறக்கறேன்."

பெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று பெண்களைக் கட்டிக் கொடுக்க வேண்டியவர். அவருக்கு இருந்தது இந்த வேலை ஒன்றுதான்.

நாராயணம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெருமாள் சித்தப்பாவ விடுங்க சார். எப்படித் தெரியும்னு நானே சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தப் புஸ்தகத்தைத் தொறங்க. எந்தப் பக்கம்னாலும் சரி. ஒரு வருஷம் கேளுங்க."

"என்ன வெளையாட்டா?"

"கேளுங்க சார்!"

அவள் கத்திய கத்தலில் அவர் கை தானாகப் புத்தகத்தைத் திறந்தது. "1683," என்றார் எரிச்சலோடு.

நாராயணம்மா விறுவிறுவென்று நடந்தாள். மூடியிருந்த ஜன்னலைப் படாரென்று திறந்துவிட்டு, "1683!" என்று வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

வராந்தாவில் காத்திருந்த பதினெட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "துருக்கிப் படை வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றது!"

மேனேஜர் மடமடவென்று பக்கங்களைப் புரட்டினார். "1755?"

"லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் அழிந்தது!"

"1666?" என்றபோது அவர் குரல் உள்ளே போயிருந்தது.

"லண்டன் மாநகரம் தீப்பிடித்து எரிந்தது!"

"மொத தடவை 1588 கேட்டுத் தள்ளினீங்க, ரெண்டாவது தடவை 1605," என்றாள் நாராயணம்மா. "அடுத்தது எந்த வருஷம்னு தெரியல. அதனால அந்தப் புளியமரத்தடியில ஆறு மாசமா நாங்க போட்டது கோஷம் இல்ல சார், அந்தப் புஸ்தகத்துல இருக்கற முந்நூறு வருஷத்தையும் சத்தம் போட்டு மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தோம்."