இரண்டு பேர் ஓடி வந்தால்

"ரெண்டு பேரும் அந்தக் கோடியில இருந்து என்னைப் பார்த்து ஓடி வாங்க பார்ப்போம்."

கேமராக் கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பெண்களும் செருப்பைக் கழற்றிவிட்டு, கடைக்கு வெளியே இருந்த நீண்ட நடைக்கூடத்தின் மறுமுனைக்குப் போய் நின்றுவிட்டார்கள்.

அவர் கையிலிருந்த கேமரா, பக்கத்தில் நின்ற லிஃப்ட் மெக்கானிக்குடையது. அதில் மாட்டியிருந்த ஜூம் லென்ஸ் கடையினுடையது, புத்தம் புதிது.

சின்னவள் மெக்கானிக்கின் மகள். பெரியவள், அவனுடைய இறந்துபோன அண்ணனின் மகள். விவரம் தெரிவதற்கு முன்பே அவன் வீட்டுக்கு வந்துவிட்டவள்.

ஒரே துணியில் இரண்டு கவுன். ஒரே கடையில் இரண்டு பை. ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிற ஆள் இல்லை இவன் என்று சொந்தபந்தம் பேசும்போது, அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வான். உள்ளூர இனிக்கும்.

படங்கள்தான் காலை வாரின.

இருவரையும் சேர்த்து எடுத்த எந்தப் படத்தைப் பார்த்தாலும் சின்னவளின் இமை முடியைக்கூட எண்ணலாம். பெரியவள் மட்டும் ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவள்போல் இருப்பாள். சுவரில் மாட்ட அவள் படம் ஒன்றுகூடத் தேறவில்லை. லென்ஸ் மெதுவாம், வேறு வாங்கிவிடுங்கள் என்று மனைவியே சொன்னபோது அவனுக்கு அப்பாடா என்றிருந்தது.

மோட்டார் சங்கதி என்றால் அவனுக்குப் புரியும். லென்ஸுக்குள் ஒரு குட்டி மோட்டார் இருக்கிறது. கண்ணாடிகளை முன்னும் பின்னும் தள்ளி, முகம் தெளிவாகிற இடத்தில் சட்டென்று நிறுத்துவது அதன் வேலை. மோட்டார் மந்தமானால், மாடியைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிற லிஃப்ட் மாதிரி, கண்ணாடி தடுமாறி நிற்பதற்குள் ஓடுகிற பிள்ளை ஓடியே போய்விடும்.

ஆகவே, வேகமாகப் பிடிக்கிற, பிடித்ததை விடாத லென்ஸ் வேண்டும் என்று கேட்டிருந்தான். ஒரு அறைக்குள் குடும்பம் முழுவதையும் அடக்க வேண்டும். மைதானத்தின் அந்தப் பக்கம் ஓடுகிறவளின் முகத்தையும் எட்டிப் பிடிக்க வேண்டும். நடுவில் லென்ஸைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது. அப்படியானால் இதுதான் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்த லென்ஸ் இது.

பெண்கள் ஓடி வந்தார்கள். பெரியவள் ஓர் அடி முன்னால்.

திரையில் சின்னவள் பளிச்சென்று இருந்தாள். பெரியவள் கலங்கலாக இருந்தாள்.

கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். இடம் மாற்றி ஓடச் சொன்னார். அப்படியும் அதேதான். தனியாக எடுத்தாலும் பெரிய பாப்பா படத்தில் இப்படித்தான் விழுகிறாளா என்று கேட்டார்.

அவன் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பெரியவளைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட அதில் இல்லை.

கடைக்காரர் கேமராவை வாங்கிக்கொண்டு, பெரியவளை மட்டும் ஓடவிட்டார். படத்தில் அவள் காலரில் பிரிந்து தொங்கிய நூல்கூடத் தெரிந்தது.

அவருக்கு விளங்கிவிட்டது. கேமராவின் மெனுவைத் திறந்து, குரலைத் தாழ்த்தி விளக்கினார். இந்த மாதிரிக் கேமராவுக்கு முகத்தைப் பழக்கி வைக்கலாம். நேராகப் பார்க்கிற முகம் ஒன்றைப் பதிந்துவிட்டால், எத்தனை பேர் நின்றாலும் முதலில் அந்த முகத்தைத் தேடிப் போகும். அது இல்லாத இடத்தில்தான் மற்றவர்களைப் பார்க்கும்.

வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். முதல் கட்டத்தில் சின்னவள், அரைப் பல்லோடு சிரித்துக்கொண்டிருந்தாள். மற்றதெல்லாம் காலி.

அழுத்திய மாடிக்குத்தான் லிஃப்ட் போகும். மோட்டாரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

பதிந்ததை நிறைய பேர் மறந்துவிடுவது சகஜம்தான் என்றார் கடைக்காரர், அவன் முகத்தைப் பார்க்காமல். அவன் காது மடல் இரண்டும் சுட்டன.

மறந்துதான் போயிருந்தான். இப்போது எல்லாமே வந்தது. கேமரா வாங்கிய புதிது. முகத்தில் நிழல் விழக் கூடாது என்பதால் சன்னலோரம் சின்னவளை உட்காரவைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடிக்கச் சொன்னான். கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு நின்றவள் பெரியவள்தான்.

வேலை முடிந்ததும் போர்வையை மடித்து வைத்துவிட்டு, அதே சன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். முகத்தை நேராக வைத்துக்கொண்டாள்.

அவன் கேமராவை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டான்.

கடைக்காரர் கேமராவைத் தூக்கிப் பிடித்து, வாம்மா, வெளிச்சத்தில் வந்து நில், உன் முகத்தையும் சேர்த்துவிடுகிறேன், கண் மூடித் திறக்கிற வேலைதான் என்று பெரியவளைக் கூப்பிட்டார்.

அவள் வந்தாள். ஆனால் வெளிச்சத்தில் நிற்கவில்லை. கடைக்காரரை ஒட்டி நின்று, சித்தப்பா காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"வேணாம்ண்ணா. லென்ஸ்தான் ஸ்லோன்னு சித்திகிட்ட நான் சொல்லி வச்சிருக்கேன்."