கெட்டி ஸ்பிரிங்

மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் வேல்முருகனின் ஒர்க்‌ஷாப்புக்குள் அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் கோகிலா, மலைமேல் செம்மேட்டில் டீச்சர். இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

பக்கத்து சீட்டில் இருந்த கணவர் அர்த்தனாரி இறங்கவே இல்லை.

வேல்முருகன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"சஸ்பென்ஷன் மொத்தமும் போச்சுங்க. மெத்துனு ஒரு ஸ்பிரிங் செட் இருக்கு, விலையும் கம்மி. அதைப் போட்டா மிச்சத்துல சீட்டையும் மாத்திரலாம். இடுப்புக்கு நல்லதுங்க."

"ரேஸ் வண்டிக்குக் கெட்டியா போடுவாங்களே, அதைப் போடுங்க."

"அது விலை கூடங்க. சீட்டு மாத்தக் காசு பத்தாது. ஒவ்வொரு குழியும் முதுகுல இடிக்கும்."

"இடிக்கட்டுங்க. பழைய சீட்டே இருக்கட்டும்."

வேல்முருகனுக்கு எரிச்சலாக வந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற டீச்சர், நிமிர்ந்து நிற்க முடியாத நிலையில் ரேஸ் ஸ்பிரிங் கேட்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் மனுசன் மேல் அதைவிடக் கோபம்.

கோகிலா எதிர்க்கடைக்கு டீ வாங்கப் போனாள். வேல்முருகன் கார் ஜன்னலருகே குனிந்தான்.

"ஏனுங்க, நீங்களாவது சொல்லக் கூடாதுங்களா?"

"சொல்லிப் பார்த்துட்டேனுங்க. மெத்துனு போடுன்னுதான் நானும் சொன்னேன். கேக்க மாட்டேங்கறா."

"வண்டி அவங்களுதுங்களா?"

"என்னுதுதான். இந்த மலையில நான் ஓட்டாத ரோடு இல்லீங்க."

"அப்ப நீங்களே ஓட்டலாமில்லீங்க? அத்தனை கொண்டை ஊசி வளைவுலயும் அவங்களை ஓட்டச் சொல்லிட்டு, நீங்க சும்மா உக்காந்து வாரீங்களே."

அர்த்தனாரி டேஷ்போர்டை விரல்களால் தடவிக்கொண்டிருந்தார்.

கோகிலா டீயோடு வந்தாள். ஜன்னல் வழியாகக் கணவரின் கையைப் பிடித்து, டம்ளரை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"சூடா இருக்குங்க, மெதுவா குடிங்க."

வேல்முருகன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். கோகிலா அவனைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனாள்.

"அவருக்குக் கண்ணு போயிருச்சுங்க. இது பாலம், இது வளைவு, இங்க தார் முடியுதுன்னு வண்டி அதிர்றதை வச்சே சொல்லிட்டு வருவாரு. மனுசன் சிரிக்கறதே அப்பத்தான்."

காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மெத்துனு போட்டா, அவருக்கு ரோடு தெரியாதுங்க."